அப்பம் பிட்கும் உரிமை: திருநெல்வேலிக் கிறித்தவத்தில் எளிய விசுவாசமும் சபை அதிகாரமும்

ஆய்வுச்சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றிய வரலாறு பெரும்பாலும் மிஷனெறிச் சங்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அச்சங்கங்களின் அதிகாரத்தைக் கிறித்தவத்தின் உள்ளிருந்தே கேள்விக்கு உட்படுத்தியவர்களுள் உக்கிரன்கோட்டையில் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) குறிப்பிடத்தக்கவர். குருப்பட்டம் பெறாதவர் நற்கருணை வழங்கலாமா, ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்னும் கேள்வி அவரது வாழ்வில் செயலாக வெளிப்பட்டது. அக்கேள்வியின் பின்னணியாக 1835இல் பாளையங்கோட்டையில் நிகழ்ந்த பிளவும், அதன் மறுதிசை வெளிப்பாடாகச் சட்டாம்பிள்ளை தொடங்கிய தனிச்சபையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. அருளப்பன் விலகி நின்றது குருப்பட்டத்தின் அதிகாரத்திலிருந்து மட்டுமன்று, சம்பளத்தின் அதிகாரத்திலிருந்தும் ஆகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: அருளப்பன், இரேனியஸ், உபதேசியார், குருப்பட்டம், நற்கருணை, கிறிஸ்தியான்பேட்டை, சட்டாம்பிள்ளை

முன்னுரை

மதுரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை கயத்தாற்றைக் கடந்ததும் கங்கைகொண்டானை அடைகிறது. முதலாம் இராசேந்திரனின் விருதுப்பெயரைத் தாங்கிய இவ்வூர் சிற்றாற்றுப் பகுதியில் அமைந்தது. இதற்கு மேற்கே, பாண்டியர் காலத்தில் கரவந்தபுரம் எனப் பெயர் பெற்றிருந்த உக்கிரன்கோட்டை உள்ளது. தெற்கே சிறிது தொலைவில் தாமிரபரணியின் கிழக்குக் கரையில் பாளையங்கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிக் கிறித்தவத்தின் நிர்வாகத் தலைமையிடம் பாளையங்கோட்டையே. குருமாரும் அச்சு நூல்களும் பள்ளிகளும் சங்கத்தின் பணமும் அங்கிருந்தே வடக்கிலும் தெற்கிலுமுள்ள சிற்றூர்களுக்குச் சென்றன. அங்கே பயின்று, பின்பு அதன் ஒழுங்கிலிருந்து விலகிச் சென்றவர் உக்கிரன்கோட்டை அருளப்பன்.

திருநெல்வேலி பற்றிய ஆய்வுகள் இரேனியஸ், கால்டுவெல், போப் முதலியோரின் தமிழ்ப்பணியை விரிவாகப் பேசியுள்ளன. அதற்குரிய நியாயமும் உண்டு. ஆனால் அவர்கள் நிறுவிய சபை ஒழுங்கின் கீழ் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர்கள் அவ்வொழுங்கை எவ்வாறு ஏற்றனர், எவ்விடத்தில் மறுத்தனர் என்பது அதே அளவுக்கு ஆராயப்படவில்லை. மறுத்தவர்கள் கிறித்தவத்தை விட்டு விலகவில்லை. வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அதை அவர்கள் கையில் கொடுத்தவர்களோடு வழக்காடினர். இந்த வழக்கின் தன்மையைப் புரிந்துகொள்ள, அது தொடங்குவதற்கு முந்தைய நிலையை முதலில் நோக்க வேண்டும்.

குருவுக்கு முன் சபை

பாளையங்கோட்டைச் சபை ஒரு குருவால் தொடங்கப்பட்டதன்று. தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருவர் லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலரோடு வாழ்ந்து வந்தார். அவ்வாழ்க்கையைக் காரணமாகக் காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுத்தார். அலுவலரின் மறைவுக்குப் பின், 1778இல், அவருக்கே குளோரிந்தா என்னும் பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள் நாற்பதுபேர். 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் அங்கு ஆலயம் கட்டப்பட்டது. அவ்வாண்டுகளில் அங்கு நிலையான குரு இல்லை. ஒரு பெண்ணின் பொறுப்பிலும் உபதேசியாரின் வாசிப்பிலும் சபை நடந்தது. சபை ஒழுங்கின்படி ஒருகாலத்தில் ஞானஸ்நானத்துக்கே தகுதியற்றவராகக் கருதப்பட்டவர் ஒரு சபையை உருவாக்கினார் என்னும் முரண், திருநெல்வேலிக் கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே உள்ளது.

அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது. சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய சத்தியநாதன் 1790 டிசம்பரில் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர்கள் லுத்தரன் குருமார். அவர்களுக்கும் அவருக்கும் பொருளுதவி செய்ததோ ஆங்கிலிகன் சார்புடைய எஸ்.பி.சி.கே. சங்கம். பேராயரின் கை படாத குருப்பட்டத்தை ஓர் ஆங்கிலேயச் சங்கம் அன்று குறையாகக் கருதவில்லை. இந்தியாவில் அப்போது ஆங்கிலிகன் பேராயர் எவரும் இல்லை என்பதே இதற்கு நடைமுறைக் காரணம். 1814இல் கல்கத்தாவுக்குப் பேராயர் வந்தார். 1835இல் சென்னைக்குத் தனிப் பேராயம் அமைந்தது. பேராயர் வந்தபின் பழைய வழக்கம் ஒழுங்கின்மையாகத் தோன்றத் தொடங்கியது. இறையியல் மாறவில்லை, நிர்வாகம் மாறியது. அம்மாற்றத்துக்கு ஏற்ப இறையியல் காரணங்கள் பின்னர் முன்வைக்கப்பட்டன என்று கூறினால் அது மிகையாகாது.

உபதேசியார் என்னும் இடைநிலை

திருநெல்வேலிக் கிறித்தவர்கள் குருவானவரை இன்றும் ‘ஐயர்’ என்றே அழைக்கின்றனர். உபதேசியாரை அவ்வாறு அழைப்பதில்லை. இவ்விரு விளிகளுக்கும் இடையேயுள்ள தொலைவில்தான் இங்குப் பேசப்படும் அதிகாரம் இயங்கியது.

ஒரு மிஷனெறியின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் காலை, மாலை செபம் நடத்துபவர், வினாவிடை போதிப்பவர், நோயுற்றோரைச் சந்திப்பவர், இறந்தோரை அடக்கம் செய்பவர், ஊர்வழக்கைக் கேட்டு ஐயருக்கு அறிவிப்பவர் உபதேசியாரே. ஊரார் நாள்தோறும் கண்ட கிறித்தவம் அவருடையது. எனினும் ஞானஸ்நானமும் நற்கருணையும் அவர் கைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு ஐயர் வரவேண்டும், அல்லது சபையார் ஐயரிடம் செல்லவேண்டும். நற்கருணைக்குத் தகுதியுடையவர் யார் என்று முடிவுசெய்யும் உரிமை ஐயருக்கு இருந்ததால், திருமணம், சாதிவழக்கம், கடன், பகை ஆகிய அனைத்தும் அவர்முன் வந்தன. நற்கருணையிலிருந்து விலக்கப்படுதல் ஊர் நடுவே விலக்கப்படுதலுக்கு ஒப்பானது. உபதேசியாரின் மாதச் சம்பளமும் ஐயர் வழியாகவே வந்தது. அவரை அமர்த்தியவரும் மாற்றியவரும் நீக்கியவரும் ஐயரே.

இம்முறையை முற்றிலும் கொடுமை எனச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. நிலவுடைமையாளரின் நெருக்குதலுக்கு ஆளான புதுக் கிறித்தவர்களுக்கு மிஷனெறியின் ஆதரவு உயிர்க்காப்பாக அமைந்தது. இரேனியஸ் காலத்தில் 1830இல் அமைந்த தர்ம சங்கம், கிறித்தவர்கள் குடியேறுவதற்கு நிலம் வாங்குவதை நோக்கமாகக் கொண்டது. நிலவுடைமையாளரிடமிருந்து காத்த அதே கை ஒழுங்கையும் விதித்தது. காவலும் கட்டுப்பாடும் ஒரே இடத்திலிருந்து வரும்போது, ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பது எளிதன்று. திருநெல்வேலியில் எழுந்த எதிர்ப்புகள் அனைத்தும் இச்சிக்கலை எதிர்கொண்டன.

1835ஆம் ஆண்டின் பிளவு

பிரஷ்யாவில் 1790இல் பிறந்த சார்லஸ் தியோபிலஸ் எவால்டு இரேனியஸ் லுத்தரன் குருப்பட்டம் பெற்றவர். சர்ச் மிஷனெறிச் சங்கத்தின் (சி.எம்.எஸ்.) பணியாளராக 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்தார். 1826இல் அங்குத் திரித்துவ ஆலயத்தைக் கட்டினார். 1832இல் வெளிவந்த அவரது ‘பூமிசாஸ்திரம்’ தமிழில் அறிவியல் நூல்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. தமிழ் இலக்கணமும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும் அவரது புலமைக்குச் சான்றாக உள்ளன. உபதேசியாரைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துத் தொடர்ந்து பாடம் சொன்னார். அவர் நடத்திய பள்ளியில்தான் அருளப்பனும் பயின்றார்.

சபைகள் பெருகியபோது, பயிற்சி பெற்ற உபதேசியாருக்குத் தாமே லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் கொடுக்க இரேனியஸ் விரும்பினார். சத்தியநாதனுக்கு நடந்ததைப் பார்த்தால் இது புதுமையன்று. சங்கமோ பேராயர் வழியான குருப்பட்டத்தையும் ஆங்கிலிகன் வழிபாட்டு ஒழுங்கையும் வற்புறுத்தியது. கருத்து வேறுபாடு ஆண்டுக்கணக்கில் கடிதங்களில் நீடித்தது. சென்னையிலிருந்த ஆங்கிலிகன் குரு ஹார்ப்பர் தம் திருச்சபையின் ஒழுங்கை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதை மறுத்து இரேனியஸ் எழுதிய மதிப்புரை அச்சில் வெளிவந்தது. அத்துடன் கடிதப்போர் வெளிப்படைப் போரானது. 1835இல் சங்கம் அவரை விலக்கியது.

அவர் பாளையங்கோட்டையை விட்டு ஆற்காட்டுப் பகுதிக்குச் சென்றார். உபதேசியார் பலர் திரும்பிவருமாறு வேண்டினர். அவ்வாண்டின் இறுதிக்குள் அவர் திரும்பினார். ஷாஃப்டர், மூலர், லெக்லர் ஆகிய தோழர்கள் அவரோடு நின்றனர். சங்கத்தின் சார்பில் ஜார்ஜ் பெட்டிட் பொறுப்பேற்றார். ஒரே வட்டாரத்தில் இரு நிர்வாகங்கள் இயங்கின. உபதேசியார் எப்பக்கம் நிற்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 1838 சூன் 5இல் இரேனியஸ் மறைந்தார். அவர் தோழர்கள் பின்னர்ச் சங்கத்தோடு இணைந்தனர், பிளவு மூடியது.

இந்நிகழ்வை ஐரோப்பியருக்கிடையே நடந்த சட்டநுணுக்க வழக்கு என்று ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வுலகில் உண்டு. அது போதாது. இவ்வழக்கில் தீர்மானிக்கப்பட்டது தமிழ் உபதேசியாரின் தகுதி. அவர்கள் எவ்வளவு கற்றிருந்தாலும், ஊரார் எவ்வளவு மதித்தாலும், நற்கருணை வழங்கத் தொலைவிலுள்ள பேராயரின் கை வேண்டும் என்பதே சங்கத்தின் முடிவு. அதேநேரத்தில் இரேனியசும் குருப்பட்டம் என்னும் வரம்பை மறுக்கவில்லை. அதை வழங்கும் உரிமை யாருக்கு என்பதில் மட்டுமே வேறுபட்டார். வரம்பே தேவையா என்னும் அடுத்த கேள்வியை எழுப்ப அவருடைய மாணவர் வரவேண்டியிருந்தது.

குரோவ்ஸும் அருளப்பனும்

எக்சிட்டர் நகரில் பல் மருத்துவராக இருந்த ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் (1795–1853) தம் தொழிலையும் செல்வத்தையும் துறந்து 1829இல் பாக்தாது சென்றவர். எந்தச் சங்கத்தின் ஆணையும் குருப்பட்டமும் இன்றிச் சுவிசேஷம் அறிவிக்கலாம் என்பது அவர் கொள்கை. பின்னாளில் பிரதரன் சபை என அறியப்பட்ட இயக்கத்தின் தொடக்கத்தில் அவருக்கு இடமுண்டு. 1833இல் இந்தியாவுக்கு வந்தவர் திருநெல்வேலியில் இரேனியசைச் சந்தித்தார். பிளவு ஏற்பட்டபோது இரேனியசின் பக்கம் நின்று இங்கிலாந்தில் எழுதினார். 1836இல் மீண்டும் சென்னைக்கு வந்து, பின்னர்ச் சித்தூரில் தங்கினார். அங்கு வேளாண்மையும் பட்டுப்புழு வளர்ப்பும் மேற்கொண்டார். பவுல் கூடாரத் தொழில் செய்துகொண்டே போதித்ததைப் போல உழைத்துப் பிழைத்துப் போதிப்பதே அவர் எண்ணம். அம்முயற்சி அவரைக் கடனில் தள்ளியது என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

அருளப்பன் குரோவ்ஸோடு சென்னை, சித்தூர்ப் பகுதிகளில் இருந்தார். 1840ஐ ஒட்டித் தெற்கு நோக்கி ஊர் ஊராக நடந்து போதித்தார். அக்காலத்தில் குரோவ்ஸ் எழுதிய கடிதங்களில் இரு செய்திகள் கவனத்துக்குரியன. ஒன்று: குருப்பட்டம் பெற்றவரன்றி எவரும் நற்கருணை நடத்தவோ ஞானஸ்நானம் கொடுக்கவோ அனுமதிக்கப்படாத நிலையில், அருளப்பனும் ஆண்ட்ரூ என்னும் தோழரும் தமிழ்க் கிறித்தவர்களோடு அமர்ந்து அப்பம் பிட்டது பெரும் பரபரப்பையும் விசாரணையையும் எழுப்பியது. இரண்டு: அருளப்பன் நிலையான சம்பளத்தை மறுத்துவிட்டார். கூலிக்காகப் போதிக்கிறார் என்று மக்கள் ஓயாமல் சொல்வார்கள் என்பது அவர் கூறிய காரணம்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதற்செய்தியிலேயே நின்றுவிடுகின்றனர். நற்கருணை பற்றிய கலகம் கண்ணுக்குத் தெரிவது; இறையியல் மொழியில் விளக்கத்தக்கது. விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்பது லுத்தர் வழிவந்த சீர்திருத்தக் கொள்கை. இரேனியசின் மாணவர் ஒருவர் அக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றார் என்று கூறிவிடலாம். ஆனால் இரண்டாவது செய்தியே அருளப்பனைத் தனித்துக் காட்டுகிறது.

1835இல் உபதேசியார் எடுத்த முடிவுகளை நோக்குக. அவர்கள் இரேனியசைத் தேர்ந்தாலும் பெட்டிட்டைத் தேர்ந்தாலும் சம்பளம் தருபவரைத் தேர்ந்தவர்களே ஆவர். இரேனியசின் தனி மிஷனும் நன்கொடையாளரின் பணத்தில் இயங்கியது. தலைவர் மாறலாம், உபதேசியார் என்னும் நிலை மாறாது. அவர்களுள் மனச்சான்றின்படி முடிவெடுத்தவர்கள் இல்லை என்பது இதன் பொருளன்று. மனச்சான்றின்படி முடிவெடுத்தவரையும் ஊரார் சம்பளத்தைக் கொண்டே மதிப்பிட்டனர். இதை அருளப்பன் உள்ளிருந்து அறிந்தவர். ‘மக்கள் சொல்வார்கள்’ என்னும் அவருடைய காரணம் இறையியல் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டதன்று, ஊர்ச்சாவடியில் கேட்கப்பட்டது. வேதத்தை எடுத்துரைப்பவனிடம் ‘உனக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்’ என்று கேட்கும் ஊரில், போதகனின் எளிமை என்பது உடையிலோ உணவிலோ இல்லை. அக்கேள்விக்கு ஒளிவின்றி விடை சொல்லக்கூடிய நிலையில் உள்ளது.

கிறிஸ்தியான்பேட்டை

1842இல் அருளப்பன் திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துக் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவினார். அப்பகுதி அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கு எல்லை. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. இங்குக் குடியேறியவர்கள் நிலத்தில் உழைத்தனர். அருளப்பனும் அவர் குடும்பத்தாரும் சுற்றூர்களுக்குச் சென்று போதித்தனர். நண்பர்கள் அனுப்பிய அன்பளிப்புகளை அவர் ஏற்றார். மாதச் சம்பளத்தை ஏற்கவில்லை. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அன்பளிப்பு நின்றால் போதனை நிற்காது. சம்பளம் நின்றால் உபதேசியாரின் வேலையே நின்றுவிடும் என்பதை எண்ணினால் அதன் அளவு விளங்கும்.

1860 மே மாதத் தொடக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதல் அருளப்பனின் பெயரைத் திருநெல்வேலிக்கு வெளியே கொண்டுசென்றது. அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் 1857–59 ஆண்டுகளில் நிகழ்ந்த எழுப்புதல் செய்திகள் முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தன. எனினும் இங்கு நிகழ்ந்ததை அவற்றின் நகல் என்று கூற இயலாது. ஆண்களும் பெண்களும் சிறுவரும் பாவ உணர்வால் அழுதனர், தீர்க்கதரிசனம் உரைத்தனர், காட்சிகள் கண்டதாகச் சொன்னார்கள். அந்நிய பாஷையும் பேசப்பட்டது. பலர் ஊதியமின்றி ஊர் ஊராகப் போதிக்கப் புறப்பட்டனர். இது சி.எம்.எஸ். சபைகளுக்குள்ளும் பரவியது.

மிஷனெறியாரின் எதிர்வினை ஒரே தன்மையுடையதன்று. உணர்ச்சிப் பெருக்கையும் தீர்க்கதரிசனங்களையும் ஐயுற்றவர்கள் இருந்தனர். தமிழர்களே தொடங்கித் தமிழர்களே நடத்திய இயக்கம் என்பதற்காக வியந்து எழுதியவர்களும் இருந்தனர். இவ்வியப்பில் ஓர் ஒப்புதல் மறைந்துள்ளது. அதுவரை நடந்தவற்றைத் தமிழர்கள் தொடங்கவில்லை, நடத்தவுமில்லை என்று அவர்கள் கருதியிருந்தனர். குளோரிந்தா கட்டிய ஆலயத்திற்குப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு இவ்வாறு கருத முடிந்தது என்பது அதிகாரத்தின் மறதிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எழுப்புதல் பெண்களின் பேச்சுக்குத் தந்த இடமும் ஆராயத்தக்கது. குருப்பட்டம் என்னும் வரம்பு பெண்களை முழுமையாக வெளியே நிறுத்தியது. உபதேசியார் என்னும் பணியும் பெரும்பாலும் ஆண்களுக்குரியது. பேசும் உரிமை பட்டத்திலிருந்தன்றி ஆவியிலிருந்து வருகிறது என்று ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் இவ்வரம்பு தானாகவே தளர்ந்தது. அவ்வாறு தளர்த்த வேண்டும் என யாரும் தீர்மானம் இயற்றவில்லை.

எளிய விசுவாசம் அதிகாரத்தை ஒழித்துவிட்டதா? இல்லை, அது இடம் மாறியது. ஒருவர் நிறுவிய குடியிருப்பில் நிறுவியவரின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. தீர்க்கதரிசனம் உரைப்பவரின் சொல்லுக்கு அதைவிட எடை உண்டு. பேராயரின் ஆணையை மேல்முறையீடு செய்யலாம், தீர்க்கதரிசனத்தை யாரிடம் மேல்முறையீடு செய்வது? திருவிதாங்கூரில் 1873ஐ ஒட்டி எழுந்த எழுப்புதலில் இவ்விடர் வெளிப்பட்டது. சி.எம்.எஸ். சபையில் குருப்பட்டம் பெற்றிருந்த யுஸ்தூஸ் யோசேப்பு 1881இல் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நிகழும் என்னும் முன்னறிவிப்பை ஏற்றுத் தனிக்குழு அமைத்தார். அவ்வாண்டு கடந்தது, குழு சுருங்கியது. கிறிஸ்தியான்பேட்டை இவ்வழியில் செல்லவில்லை. அருளப்பன் காலத்தைக் குறிக்கும் கணக்கில் இறங்காமல் போதனையிலும் உழவிலும் நின்றார். 1867இல் அவர் மறைந்தபின் இயக்கம் தன் வேகத்தை இழந்தது. சொத்தும் சங்கமும் பட்டமும் இல்லாத ஓர் அமைப்பு நிறுவியவரின் வாழ்நாளைக் கடப்பது அரிது. சி.எம்.எஸ். நிறுவியவை நிலைத்ததற்குக் காரணம் அவற்றின் கொள்கை மட்டுமன்று, பத்திரங்களும்தான்.

நாசரேத்திலிருந்து மறுதிசை

அருளப்பன் வடக்கு எல்லையில் இருந்த அதே காலத்தில், தாமிரபரணிக்குத் தெற்கே தேரிப்பகுதியில் வேறொரு விலகல் உருவானது. அருமைநாயகம் என்பவர் சாயர்புரத்தில் ஜி.யு.போப்பின் பள்ளியில் பயின்றார். அங்குச் சட்டாம்பிள்ளையாக இருந்ததால் அப்பெயராலேயே அறியப்பட்டார். எஸ்.பி.ஜி. சங்கத்தின் நாசரேத் மிஷனில் கேமரர் ஐயரின் கீழ்ப் பணியாற்றியபோது, திருமணம் தொடர்பான ஒரு சிக்கலில் ஐயரோடு முரண்பட்டுப் பணியை இழந்தார். நாடார் சமூகம் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஆங்கில நூலின் செய்தி பரவியபோது, தம்மைப் பற்றித் தம் ஐயர்மார் எழுதியது என்ன என்பதை அச்சமூகத்தார் அறிந்தனர். 1857இல் சட்டாம்பிள்ளையின் தலைமையில் முக்குப்பேரி, பிரகாசபுரம் பகுதியில் பெருந்தொகையினர் பிரிந்து தனிச்சபை அமைத்தனர். அது ஏக இரட்சகர் சபை எனப்பட்டது.

சட்டாம்பிள்ளையும் அருளப்பனைப் போலவே வேதாகமத்தை நேரடியாகத் திறந்தார். ஐரோப்பியரின் பணத்தையும் குருப்பட்டத்தையும் மறுத்தார். ஆனால் அவர் சென்ற திசை வேறு. ஐரோப்பியர் வேதாகமத்தைத் தம் பழக்கத்துக்கேற்ப வளைத்துவிட்டனர் என்று வாதிட்டு, பழைய ஏற்பாட்டின் விதிகளை நோக்கித் திரும்பினார். சனிக்கிழமையே ஓய்வுநாளாயிற்று. தரையில் விழுந்து வணங்குதலும் தூபமும் வழிபாட்டில் இடம்பெற்றன. புளித்த திராட்சை மதுவுக்கு மாறாகப் பிழிந்த திராட்சைச் சாறு நற்கருணையில் பயன்பட்டது. தூய்மை விதிகள் வலுப்பெற்றன. இவ்விதிகள் பல தமிழ்ச் சமூகத்தின் தீட்டு, தூய்மை பற்றிய வழக்கங்களோடு இயைந்தன. எனவே அவை புறத்திலிருந்து சுமத்தப்பட்டவையாகத் தோன்றவில்லை.

ஒரே நூலை இடைத்தரகரின்றிப் படித்த இருவருள் ஒருவர் விதிகளைக் குறைத்தார், மற்றவர் கூட்டினார். எனவே ‘வேதம் மட்டுமே’ என்னும் முழக்கத்தை எளிமைக்கு உறுதி தரும் ஒன்றாகக் கொள்ள இயலாது. அருளப்பனின் எதிர்ப்பு போதகனின் கூலியைப் பற்றியது. ஆதலால் பதவியைக் கரைத்தது. சட்டாம்பிள்ளையின் எதிர்ப்பு ஒரு சமூகத்தின் மதிப்பைப் பற்றியது. ஆதலால் ஐரோப்பியரின் ஒழுங்குக்கு நிகரான, அதைவிடப் பழைமையான ஓர் ஒழுங்கு அதற்குத் தேவைப்பட்டது. இழிவுபடுத்தப்பட்டவர்களிடம் எளிமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதையும் இங்குக் கூறவேண்டும். மாண்பை இழந்தவர்களுக்குச் சடங்கு ஒரு மாண்பு.

ஏக இரட்சகர் சபை இன்றும் தொடர்கிறது. கிறிஸ்தியான்பேட்டை இயக்கம் அவ்வாறு தனிச்சபையாக நீடிக்கவில்லை. விதிகளும் சமூகத் திரட்சியும் உடையது நிலைத்தது. அவை இரண்டும் இல்லாதது நினைவாயிற்று.

சான்றுகளின் சாய்வு

அருளப்பனைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் குரோவ்ஸின் கடிதங்களிலிருந்தும், ஜி.எச்.லாங் 1939இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இடம்பெற்ற நாட்குறிப்புப் பகுதிகளிலிருந்தும் கிடைப்பவை. குரோவ்ஸும் லாங்கும் பிரதரன் மரபினர். குருப்பட்டம் வேண்டாம், சம்பளம் வேண்டாம் என்னும் தம் கொள்கைக்கு உயிருள்ள சான்றாக அவர்கள் அருளப்பனைக் கண்டனர். எனவே நமக்குக் கிடைக்கும் அருளப்பன், அவர்களுடைய வாதத்துக்குப் பொருந்தும் அருளப்பன். பெந்தெகொஸ்தே மரபினர் பின்னாளில் அந்நிய பாஷையையும் தீர்க்கதரிசனத்தையும் முன்னிறுத்தி அவரைத் தம் முன்னோடியாகக் காட்டினர். இரேனியசின் வரலாறும் இத்தகையதே: அவர் பக்கத்தை 1841இல் அவர் மகன் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பும், சங்கத்தின் பக்கத்தை 1851இல் பெட்டிட் எழுதிய மிஷன் வரலாறும் பேசுகின்றன. சட்டாம்பிள்ளை நெடுங்காலம் மிஷனெறிப் பதிவுகளில் கலகக்காரராகவே இருந்தார். வின்சென்ட் குமாரதாஸ் போன்றோரின் ஆய்வுகளே அவரைத் தம் காரணங்களோடு பேசவைத்தன. எளிய விசுவாசத்தின் வரலாறுகூட யாரோ ஒருவரின் அதிகாரத்தின் வழியாகவே நம்மை வந்தடைகிறது. இதைக் கருத்தில் கொண்டு அந்நாட்குறிப்புகளைத் தமிழ்ச் சமூக வரலாற்றின் ஆவணமாக மீண்டும் வாசிக்கும் பணி எஞ்சியுள்ளது.

1903க்குப் பின்

அருளப்பன் எழுப்பிய பணக் கேள்விக்கு நிறுவனத்துக்குள்ளிருந்தே ஒரு விடை அவர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1903இல் பாளையங்கோட்டையில், வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே.ச.அசரியா முதலியோரின் முயற்சியால் திருநெல்வேலி இந்திய மிஷனெறிச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்சி, இந்தியப் பணியாளர் என்பது அதன் அடிப்படை. நிசாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்னக்கல் அதன் பணிக்களமாயிற்று. திருநெல்வேலிக் கிறித்தவர்களின் காணிக்கை அங்குப் போதகர்களைத் தாங்கியது. அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்று, 1912இல் தோர்னக்கலின் பேராயரானார். ஆங்கிலிகன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே.

இப்புதிய சங்கத்தில் பணம் தமிழர் கைக்கு வந்தது; நிர்வாகமும் வந்தது. கால்டுவெல் இருந்த பதவிக்கு நிகரான பதவியும் ஒரு திருநெல்வேலித் தமிழருக்குக் கிடைத்தது. ஞானஸ்நானமும் நற்கருணையும் குருப்பட்டம் பெற்றவர் கையிலேயே இருந்தன. தோர்னக்கல் சிற்றூர்களில் செபம் நடத்திய உபதேசியார், நற்கருணை நாளன்று ஐயர் வரும் வழியைப் பார்த்துக் காத்திருந்தார்.